முகம் மாத்துறது வேற, எஞ்சின் மாத்துறது வேற

2018 டிசம்பரில் அமெரிக்காவின் லிங்கன் கம்பனி ஒரு அறிவிப்பு விட்டது. கொன்டினென்டல் என்ற தங்களுடைய பெயர்போன சொகுசுக் காருக்கு 80 வயது. அதைக் கொண்டாட 80 கார்கள் மட்டும் விசேஷமாகச் செய்யப்போகிறார்கள். என்ன விசேஷம்? பின்கதவு வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்கும். பழைய வீட்டு அலுமாரிக் கதவு மாதிரி, முன்கதவு ஒரு பக்கம், பின்கதவு மறுபக்கம். இதுக்காக முடிந்த காரை வெளியில ஒரு பட்டறைக்கு அனுப்பி, நடுவுல வெட்டி, 6 அங்குலம் நீட்டினார்கள். விலை ஒரு லட்சம் டொலருக்கு மேல். 80 காரும் சீக்கிரமே விற்றுத் தீர்ந்தது.

அடுத்த இரண்டு வருஷத்தில் அமெரிக்காவில் கொன்டினென்டல் உற்பத்தியே நின்றுபோனது.

இதை நான் துக்கச் செய்தியாகச் சொல்லவில்லை. கெலிஓயாவுல இருக்கிற எனக்கு லிங்கன் காருக்கு அழ நேரமில்லை. ஆனால் இந்த ஒரு காரின் கதைக்குள்ள, இன்றைக்கு நம்ம ஊர்ல, நம்ம வயசுப் பொடியன்மார் லீசிங் பேப்பரில் கையெழுத்து வைக்கிற கதையும் இருக்கு. அதனால்தான் எழுதுறேன். "ஆர்ட்ஸ் பீடத்துப் பிள்ளைக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்" என்று கேட்கிற இஞ்சினியரிங் பீட நண்பர்கள் கடைசி வரைக்கும் வாசிக்கவும். எஞ்சினைக் கழற்றிப் பூட்ட எனக்குத் தெரியாது. ஆனால் எதை மாற்றினார்கள், யாருக்காக மாற்றினார்கள் என்று கேட்கிறதுக்கு ஸ்பெனர் தேவையில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு காரில் செய்கிற மாற்றம் இரண்டு வகை. ஒன்று, ஓட்டுகிறவனுக்குத் தேவைப்பட்டதால் வருவது. மற்றது, போன வருஷம் வாங்கினவனை வெட்கப்பட வைப்பதற்காக வருவது. இரண்டுக்கும் "அப்டேட்" என்று ஒரே பெயரை வைத்து நம்மளை ஏமாற்றுகிறார்கள். நாமளும் சந்தோஷமா ஏமாறுகிறோம்.

கொன்டினென்டலின் பிறப்பைப் பார்ப்போம். போர்ட் கம்பனி முதலாளி ஹென்றி போர்டின் மகன் எட்சல் போர்ட், 1939-இல் புளோரிடாவில் விடுமுறையைக் கழிக்கத் தனக்காக ஒரு கார் செய்யச் சொன்னார். யூஜின் கிரெகரி என்ற வடிவமைப்பாளர், லிங்கன் செபிர் என்ற காரை எடுத்து, தாழ்த்தி, நீட்டி, ஸ்பெயார் டயரைப் பின்னால வெளியில நிமிர்த்தி வைத்துக் கொடுத்தார். பார்த்தவர்கள் எல்லாரும் தங்களுக்கும் வேணும் என்றார்கள். அப்படித்தான் அது விற்பனைக்கு வந்தது. அழகு என்றால் அழகுதான், அதில் எனக்கு வாதமில்லை. 1951-இல் நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் எட்டுக் கார்களைக் கலைப்பொருளாக வைத்து ஒரு கண்காட்சி நடத்தியபோது, அதில் 1941ஆம் ஆண்டுக் கொன்டினென்டலும் ஒன்று.

ஆனால் பொனட்டைத் திறந்தால்? உள்ளே இருந்தது செபிரின் வி12 எஞ்சின். பன்னிரண்டு சிலிண்டர் என்று சொல்லவே பெருமையா இருக்கும். ஓட்டினவர்களுக்குத்தான் தெரியும். சூடேறும், ஒயில் சரியாகச் சுற்றாது, உள்ளே கசடு கட்டும். ஆகவே அந்தக் கார்ச் சொந்தக்காரர்கள் பலர் என்ன செய்தார்கள் தெரியுமா? வி12-ஐக் கழற்றிப் போட்டுவிட்டு போர்டின் சாதாரண வி8-ஐப் பூட்டினார்கள். சிலர் எதிரிக் கம்பனியான கெடிலக்கின் எஞ்சினையே பூட்டினார்கள். அருங்காட்சியகத்தில் சிலையாக வைத்த கார் வகைக்கு, ரோட்டுல அது நடந்தது.

இதை நம்ம ஊர் "ஒரிஜினல்" பைத்தியங்கள் கேட்க வேணும். கண்டியில யாராவது மொரிஸ் மைனருக்கு ஜப்பான் எஞ்சின் போட்டு பேஸ்புக்கில் படம் போட்டால், கீழே வந்து நாலு பேர் ஒப்பாரி வைப்பான்: "கிளாசிக்கைக் கெடுத்துட்டீங்களே", "பிரிட்டிஷ் ஆத்மா போச்சே". அமெரிக்காக்காரன் தன்னுடைய நாட்டின் மிக அழகான கார் என்று பேர் எடுத்த காருக்கே எஞ்சின் மாற்றினான். ஏனென்றால் அவனுக்கு அந்தக் காரில் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. காரை ஓட்டாதவன்தான் அதன் ஆத்மாவைப் பற்றிக் கூடுதலாகக் கவலைப்படுகிறான்.

சரி, அடுத்த கட்டம். 1958-இலிருந்து 1960 வரை வந்த லிங்கன்கள் ஒவ்வொன்றும் ஒரு பஸ் அளவு. சாய்ந்த ஹெட்லைட், பளபள குரோம், எங்க பார்த்தாலும் வளைவும் மடிப்பும். இது அந்தக் காலத்து அமெரிக்க வியாதி. போட்டிக் கம்பனியான ஜெனரல் மோட்டர்ஸ்தான் இதைத் தொடக்கி வைத்தது. ஒவ்வொரு வருஷமும் தகட்டை மாற்று, வாலை உயர்த்து, போன வருஷக் காரைப் பழசாக்கு. அந்தக் கம்பனியின் ஆராய்ச்சித் தலைவர் சார்ள்ஸ் கெட்டரிங் 1929-இலேயே ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பே, வாடிக்கையாளரைத் திருப்தியில்லாமல் வைத்திருங்கள் என்பதுதான். ஒளிவு மறைவு ஏதுமில்லை. கெடிலக்கின் வால் 1948-இல் சின்னதாக முளைத்தது. போர் விமானத்தைப் பார்த்து எடுத்த யோசனை. 1959-இல் அது வானத்தைப் பார்த்தது. அந்த வால் காரை வேகமாக ஓட்டியதா, பிரேக்கை உறுதியாக்கியதா, பெற்றோலை மிச்சப்படுத்தியதா? ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் ஜன்னலால் பார்த்தான், அவ்வளவுதான்.

நியாயமாகச் சொல்லவேணும். இதே கெடிலக்தான் 1912-இல் கையால் சுற்றாமல் மின்சாரத்தால் ஸ்டார்ட் ஆகும் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பின்னால் இருந்ததும் அதே கெட்டரிங்தான். அதுக்கு முதல் எஞ்சினைக் கம்பியால் சுற்றும்போது உதைத்துக் கை உடைந்தவர்கள் ஏராளம். அது தேவையால் வந்த மாற்றம். ஒரே ஆள் இரண்டு வகை மாற்றத்துக்கும் பெயர் கொடுத்திருக்கிறார். ஆகவே கம்பனி நல்லது கெட்டது என்பதல்ல பிரச்சினை. எந்த மாற்றம் யாருக்கு உதவியது என்பதுதான்.

1961-இல் லிங்கன் ஒரு வித்தியாசமான வேலை செய்தது. பெரிய லிங்கன்கள் நட்டத்தில் ஓடியதால், போர்டின் மேலிடத்தில் இருந்த ரொபர்ட் மக்னமாரா அந்தப் பிரிவையே மூடிவிட யோசித்துக்கொண்டிருந்தார். (இவர்தான் பிறகு வியட்நாம் போரை நடத்திய பாதுகாப்புச் செயலாளர், அதுக்குப் பிறகு உலக வங்கித் தலைவர். நம்ம மாதிரி நாடுகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற கதிரைக்கு அவர் வந்தது கார்க் கம்பனியிலிருந்து என்பதை ஒரு ஓரத்தில் குறித்து வையுங்கள்.) எல்வுட் எங்கல் என்ற வடிவமைப்பாளர் தண்டர்பேர்ட் என்ற இன்னொரு காருக்காகக் களிமண்ணில் செய்து வைத்திருந்த மாதிரியை மக்னமாரா பார்த்தார். அதையே நாலு கதவு லிங்கனாக மாற்றச் சொன்னார்.

அந்தக் கார், முந்தைய வருஷத்து லிங்கனை விட ஏறக்குறைய 15 அங்குலம் குட்டை. வால் இல்லை. பக்கவாட்டில் ஒரு நேர்கோடு. பின்கதவு எதிர்ப்பக்கம் திறந்தது. காரைக் குட்டையாக்கின பிறகு பின்சீட்டுக்கு ஏறி இறங்க வசதியாக இருந்ததும் அதுக்கு ஒரு காரணம். எஞ்சின் 7 லீற்றர் வி8. ஒவ்வொரு எஞ்சினையும் காரில் பூட்ட முன்னம் மூன்று மணித்தியாலம் வேகமாக ஓட விட்டுப் பார்த்தார்கள். முடிந்த காரை ரோட்டிலும் ஓட்டிப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் வேறு யாரும் கொடுக்காத இரண்டு வருஷ வொரண்டி கொடுத்தார்கள். கென்னடி டலஸில் சுடப்பட்டபோது இருந்த கார் இந்த 1961 வகைதான். அந்தக் காரைக்கூட அவர்கள் தூக்கி எறியவில்லை. கூரை போட்டு, கவசம் போட்டு, 1977 வரைக்கும் அடுத்தடுத்த ஜனாதிபதிகள் பாவித்தார்கள்.

முக்கியமான விஷயம் இது. 1961-இலிருந்து 1969 வரை அந்த உருவத்தின் அடிப்படையை அவர்கள் மாற்றவில்லை. வேண்டிய இடத்தில் மட்டும் கை வைத்தார்கள். பின்சீட்டில் கால் இடிக்குது என்று சனம் சொல்ல, 1964-இல் 3 அங்குலம் நீட்டினார்கள். 1965-இல் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. 1966-இல் எஞ்சின் 7.6 லீற்றர் ஆனது. இதில் எனக்குப் பிடித்தது அந்த 1965 பிரேக். வெளியில நின்று பார்த்தால் அது தெரியாது. சில்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். படம் எடுத்துப் போட ஏலாது. ஆனால் இரண்டு தொன்னுக்கு மேல் எடையுள்ள காரைப் பள்ளத்தில் நிறுத்தப்போவது அதுதான்.

ஒரு மாற்றம் உண்மையானதா என்று பார்க்க என்னிடம் இருக்கிற அளவுகோல் இதுதான்: பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியாது, ஓட்டுகிறவனுக்குத் தெரியும்.

இவ்வளவு புத்தியுள்ள கம்பனி அப்படியே இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 1968-இல் கொன்டினென்டல் மார்க் 3 வந்தது. அதன் கதையை லீ அயகோக்கா என்ற போர்ட் நிர்வாகியே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்: தண்டர்பேர்டின் முகத்தில் ஒரு ரோல்ஸ் ரொய்ஸ் கிறில்லை வைக்கச் சொன்னாராம். அவ்வளவுதான் அந்தக் காரின் தத்துவம். பின்னால டிக்கியில ஸ்பெயார் டயர் மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். ஆனால் அதுக்குள்ள டயர் இல்லை. எட்சல் போர்டின் காரில் வெளியில நின்ற உண்மையான டயர், இப்ப ஒரு வெறும் அச்சு. உள்ளே டாஷ்போர்டில் கார்ட்டியர் மணிக்கூடு. 1976-இல் இன்னும் ஒரு படி மேலே போய், உடுப்பு வடிவமைப்பாளர்களின் பெயரில் கார் விற்றார்கள்: ஜிவான்சி, பூச்சி, பில் பிளாஸ், கார்ட்டியர். நிறத்தையும் சீட் துணியையும் மாற்றினால் புதுக் கார்.

வெளியில உலகத்தில் அந்த நேரம் என்ன நடந்துகொண்டிருந்தது? 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. அமெரிக்காவிலே பெற்றோலுக்குக் கியூ. 1975-இல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தது. கொன்டினென்டல் என்ன செய்தது? இன்னும் வளர்ந்தது. 1970களின் கடைசியில் அதன் நீளம் 19 அடிக்கு மேல். நம்ம ஊர் த்ரீவீல் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினாலும் அதைவிட அது நீளம். கெலிஓயா டவுனில அதைத் திருப்புறதுக்குக் கம்பளைக்குப் போய்த்தான் வரவேணும்.

பிறகு சட்டம் கழுத்தைப் பிடித்த பிறகு, அவசரம் அவசரமாகச் சுருக்கினார்கள். 1988-இல் வந்த கொன்டினென்டல், டோரஸ் என்ற சாதாரணக் குடும்பக் காரின் அடித்தளத்தில் 3.8 லீற்றர் வி6-உடன் வந்தது. பக்கத்தில் கெடிலக்கின் நிலைமை இன்னும் மோசம். 1981-இல் தேவைக்கேற்ப எட்டு, ஆறு, நாலு சிலிண்டரில் ஓடும் எஞ்சின் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். யோசனை நல்லது, அது வேலை செய்யவில்லை. அடுத்த வருஷமே பெரும்பாலான கார்களிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அதே நேரம் ஷெவர்லே கவலியர் என்ற மலிவுக் காரை எடுத்துச் சோடித்து சிமரொன் என்று கெடிலக் பெயரில் விற்றார்கள். 1989-இல் டொயோட்டா லெக்சஸை இறக்கியது. அதில் வால் இல்லை, குரோம் இல்லை, கார்ட்டியர் மணிக்கூடு இல்லை. எஞ்சின் ஓடுறதே கேட்காது. அமெரிக்கப் பணக்காரர்கள் அந்தப் பக்கம் போனார்கள்.

இருபத்தைந்து வருஷம் முகத்தை மட்டும் மாற்றப் பழகின கைக்கு, எஞ்சினை மாற்ற வேண்டிய நாள் வந்தபோது அது வரவில்லை. கொன்டினென்டல் 2002-இல் நின்றது. 2016-இல் மறுபடி வந்தது, இந்த முறை நல்ல எஞ்சினோடு: 3 லீற்றர், இரட்டை டேர்போ, 400 குதிரைவலு. அதுக்கு மரியாதை கொடுக்கிறேன். ஆனால் அடித்தளம் மறுபடி ஒரு சாதாரணப் போர்ட் காருடையது. விற்பனை சரியில்லை என்றதும் கம்பனிக்கு ஞாபகம் வந்தது பழைய கதவு. 1961-இல் பின்சீட்டுக்கு ஏற வசதியாக வைத்த கதவை, 2018-இல் நினைவுப் பொருளாக விற்றார்கள்.

இப்ப நம்ம பக்கத்துக்கு வருவோம். "நீ சொல்றபடி முகத்தை மாத்தாம இருந்தா அம்பாசடர் கதைதான் நடக்கும்" என்று ஒருவன் சொல்லுவான். நல்ல கேள்வி. இந்தியாவின் அம்பாசடர், பிரிட்டனின் மொரிஸ் ஒக்ஸ்போர்டை வைத்து 1950களின் கடைசியில் உத்தர்பாராவில் தொடங்கியது. தமிழ்நாட்டில் மந்திரி என்றாலே அந்த வெள்ளைக் கார்தான். 2014 வரைக்கும் ஏறக்குறைய அதே உருவம். ஆனால் அம்பாசடரின் பிழை முகத்தை மாற்றாதது இல்லை. எஞ்சினை மாற்றாததுதான். 1950களின் பிரிட்டிஷ் எஞ்சினை வைத்துக்கொண்டே முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டினார்கள். ஜப்பானின் இசுசு 1.8 லீற்றர் எஞ்சின் வந்தது 1990களின் தொடக்கத்தில். அதற்குள் மாருதி சந்தையைப் பிடித்துவிட்டது. வாங்க வேறு கார் இல்லாத, லைசென்ஸ் வாங்கினவன் மட்டும் கார் செய்யலாம் என்ற காலத்தில், ஓட்டுகிறவனைக் கேட்க வேண்டிய தேவை கம்பனிக்கு இருக்கவில்லை. 2017-இல் அந்தப் பெயரை மட்டும் பேஜோ கம்பனிக்கு 80 கோடி இந்திய ரூபாவுக்கு விற்றார்கள். அமெரிக்கன் வருஷா வருஷம் முகத்தை மாற்றினான், இந்தியன் எதையும் மாற்றவில்லை. இரண்டு பேரும் மறந்தது ஒரே ஆளைத்தான்: ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கிறவனை.

மறக்காதவர்கள் யார் என்றால், என் பதில் நம்ம ஊர்ப் பாஸ்மார்.

மொரிஸ் மைனரைப் பாருங்கள். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் வந்தது. 918 சிசி பழைய எஞ்சின். 1952-இல் ஒஸ்டினோடு கம்பனி சேர்ந்ததும் 803 சிசி, அளவில் சின்னது, வகையில் புதுசு. 1956-இல் 948. 1962-இல் 1098. முகம்? ஹெட்லைட் கிறில்லுக்குப் பக்கத்திலிருந்து மட்காட்டுக்கு ஏறியது, அதுவும் அமெரிக்காவில் சட்டம் கேட்டதால். கண்ணாடி ஒரே துண்டாக ஆனது. அவ்வளவுதான். பத்து லட்சம் விற்ற முதலாவது பிரிட்டிஷ் கார் அதுதான். பிறகு இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வெயார் என்பவர், காரை எறியாமல் திருத்தித் திருத்தி நீண்டகாலம் பாவிப்பதுதான் மலிவு என்று வாதாடி மைனருக்கென்றே ஒரு நிலையம் நடத்தினார். அந்தத் தொடர்பில்தான் இலங்கையில் டியூரபிள் கார் கம்பனி என்று ஒன்று வந்தது. மைனருக்கான தகடுகள் இங்கே நம்மவர்கள் கையால் அடிக்கப்பட்டு, அந்தக் காரைப் பெற்ற நாட்டுக்கே கப்பலில் போயின. இதை நம்ம பாடப் புத்தகத்தில் யாரும் எழுதவில்லை. எழுதியிருக்க வேணும்.

பிரிட்டனிலேயே மைனருக்கு 1275 சிசி எஞ்சின் போடுறதும், முன்னால டிஸ்க் பிரேக் போடுறதும் சர்வசாதாரணம். நம்ம ஆட்கள் கையில கிடைத்த ஜப்பான் எஞ்சினைப் போட்டார்கள். ஏன்? ஸ்பெயார் பார்ட்ஸ் கிடைக்கும், கடுகண்ணாவ ஏற்றத்தில் மூச்சு வாங்காது, பெற்றோல் குறைய குடிக்கும். ஒரு நல்ல பாஸ், மவுண்டிங் வெட்டி ஒட்டி, கியர்பொக்ஸைப் பொருத்தி, ரேடியேட்டரை மாற்றி, "பிரேக்கைச் செய்யாம இந்த எஞ்சினோட ரோட்டுக்கு எடுக்காத மகன்" என்று சொல்லித்தான் சாவியைத் தருவார். எஞ்சின் நம்பர் மாறினதைப் பதிவுப் புத்தகத்தில் திருத்தச் சொல்லுவார். கொன்டினென்டலின் 1965 இஞ்சினியருக்கும் இவருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒருவருக்கு ஓபிஸும் டையும் இருந்தது, மற்றவருக்குச் சாரமும் கிரீஸும்.

இப்ப அந்தப் பாஸ்மாருக்கு என்ன வேலை வருகிறது தெரியுமா? ஃபேஸ்லிஃப்ட் கன்வேர்ஷன். பழைய வருஷத்து வேனையும் ஜீப்பையும் கொண்டுவந்து, "புது மொடல் பம்பர், புது லைட், புது கிறில் போட்டுத் தாங்க பாஸ்" என்கிறார்கள். லட்சக் கணக்கில் பிளாஸ்டிக். பிரேக் பேட் மாற்றக் காசு கேட்டால் "அடுத்த முறை பார்ப்போம்".

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது என்று அறிவித்தது. அந்த வருஷம் கியூஆர் வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். செட்டில நாள் கணக்காத் தூங்கினவங்க நம்ம வாப்பாமார், அண்ணன்மார். அந்த நாட்களில் எவனாவது ஹெட்லைட் வடிவத்தைப் பற்றிக் கதைத்தானா? லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்றுதான் கேட்டான். 2025 பெப்ரவரியில் தனியார் கார் இறக்குமதி திறந்தது. திறந்த அடுத்த நாளே எல்லாம் மறந்துபோச்சு. மறுபடி யூடியூப் முழுக்க "புது முகம்", "பிரீமியம் லுக்".

பிரீமியோவை எடுங்கள், நம்ம நாட்டில் கொன்டினென்டலின் இடத்தில் இருக்கிறது அதுதான். கல்யாண வீட்டு வாசலில் நின்றால் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு நிமிர்வு. 2007-இல் வந்த அதே அடித்தளம். 2010-இல் முகம் மாறியது, 2016-இல் மறுபடி மாறியது, 2021-இல் உற்பத்தி நின்றது. மூன்று முகத்துக்கும் இடையில் நம்ம சந்தையில் பல லட்சம் விலை வித்தியாசம். இதில் வேடிக்கை என்ன என்றால், 2016-இல் உண்மையான ஒரு மாற்றமும் வந்தது: முன்னால இடிக்கப்போனால் எச்சரித்துத் தானாகப் பிரேக் பிடிக்கும் பாதுகாப்புத் தொகுதி. "புது முகமா பழைய முகமா" என்று கேட்கிற பத்துப் பேரில் ஒருவர்கூட அந்தத் தொகுதி வேலை செய்யுதா என்று கேட்டதை நான் கேட்டதில்லை. பெண் வீட்டிலும் கேட்பதில்லை, மாப்பிள்ளை வீட்டிலும் கேட்பதில்லை.

"காசு இருக்கிறவன் வாங்குறான், உனக்கு என்ன?" என்பார்கள். காசு இருந்தால் பரவாயில்லை. இருக்கிறது லீசிங். ஐந்து வருஷம், மாசா மாசம், சம்பளத்தின் பாதி. ஒரு சாதாரண ஜப்பான் செடான் கோடியைத் தாண்டி நிற்கிற நாட்டில், முகத்துக்காகக் கூட்டிக் கொடுக்கிற ஒவ்வொரு லட்சமும் யாரோ ஒரு தங்கச்சியின் படிப்பு, யாரோ ஒரு உம்மாவின் மருந்து. போகிற டொலர் நாடு முழுக்கச் சேர்ந்து கடன் வாங்கின டொலர். கெட்டரிங் 1929-இல் அமெரிக்கனிடம் உண்டாக்க நினைத்த திருப்தியின்மை, இப்ப நம்ம வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்திருக்கு.

அழகே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1961 கொன்டினென்டலைப் படத்தில் பார்த்தாலே எனக்குப் பிடிக்கும். மைனரின் உருண்டை முதுகும் பிடிக்கும். இரண்டும் அழகாக இருப்பதற்கு ஒரு காரணம், அடுத்த வருஷமே அவற்றைப் பழசாக்கும் நோக்கத்தோடு யாரும் செய்யவில்லை என்பதுதான்.

ஆகவே அடுத்த முறை யாராவது "அப்டேட் வந்திருக்கு மச்சான்" என்று போனை நீட்டினால், மூன்று கேள்வி கேளுங்கள். பிரேக் மாறியிருக்கா? ஒரு லீற்றருக்கு ஓடுற தூரம் மாறியிருக்கா? பழுதானால் கெலிஓயாவிலோ கம்பளையிலோ ஒரு பாஸால திருத்த ஏலுமா? மூன்றுக்கும் இல்லை என்றால், அவன் காட்டுறது அப்டேட் இல்லை, வெறும் பம்பர். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இருக்கிற வண்டியின் பிரேக் பேடை மாற்றுங்கள். கம்பளை ரோட்டுல இறங்கும்போது உங்களைக் காப்பாற்றப் போவது கிறில் இல்லை.